தொழிற்பழகுநர் பயிற்சியா, பட்டப்படிப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தொழில் நல்லதா, டிகிரி நல்லதா?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் உருப்படியாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. "இந்தப் பட்டறையில் சேரட்டுமா, அந்தக் கல்லூரியில் இந்தப் பாடம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் சொல்லலாம். நல்ல மேஸ்திரியிடம் கழிக்கும் மூன்று வருடம் மோசமான கல்லூரியை விடப் பல மடங்கு மேல். நல்ல பேராசிரியர்கள் இருக்கும் துறையில் கழிக்கும் மூன்று வருடம், பெருக்கிக் கூட்டவும் மூட்டை தூக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளும் பட்டறையை விடப் பல மடங்கு மேல். கீழே உள்ள பதில்களெல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வருபவை.

அப்ரண்டிஸ் என்றால் சரியாக என்ன? தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பதும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. தொழிற்பயிற்சி நிலையத்தில் நீங்கள் மாணவர். அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், ஒரு நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, நிஜமான வேலை நடக்கும் இடத்தில் உதவித்தொகை வாங்கியபடி கற்பவர். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது. அங்கே தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்துவிட்டு அப்ரண்டிஸாகச் சேர்வதும் உண்டு, நேரடியாகச் சேர்வதும் உண்டு. இலங்கையில் இதற்கென்றே தேசிய பயிலுநர் மற்றும் தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது.

கற்கும் விதம்தான் பெரிய வித்தியாசம். ஃபிட்டர், அதாவது இயந்திர பாகங்களைச் செய்து பொருத்துபவர், பயிற்சியில் ஆரம்ப வாரங்களில் ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து, அரத்தால் ராவி, பக்கங்களைச் சமமாகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் ஆக்கச் சொல்வார்கள். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், எங்கே பள்ளமோ அங்கே நூலிழை மாதிரி ஒளி தெரியும். மேட்டை ராவ வேண்டும், மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். அதிகம் ராவினால் இன்னொரு பக்கம் சாய்ந்துவிடும். அரத்தை எவ்வளவு அழுத்துவது, முன்னால் தள்ளும்போது எந்தக் கையில் பாரம் கொடுப்பது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பல நாள் ராவிய பிறகு தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தானாகப் பழகிவிடும். பல்கலைக்கழகத்தில் நடப்பது வேறு. அந்த இரும்பு ஏன் அப்படி நடந்துகொள்கிறது, அதன் உள்ளமைப்பு என்ன, எவ்வளவு பாரத்தில் முறியும் என்று கேட்கவும், பார்க்காத ஒரு பொருளுக்கும் அந்த விடையை நீட்டிக் கணக்கிடவும் அங்கே கற்றுத் தருகிறார்கள். இரண்டுமே அறிவுதான். அதில் எதற்காக நீங்கள் காலையில் எழுந்து போவீர்கள் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

மார்க் குறைந்தால் தொழிற்பயிற்சி, நல்ல மார்க் வாங்கினால் கல்லூரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த ஒரு பழக்கம் எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் திசைமாற்றியிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கணக்கு வரவில்லை என்று ஒரு பையனை எலக்ட்ரீஷியன் வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வேலை முழுக்கக் கணக்குதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். சுவரோடு வரும் ஒயர் குழாய் வழியில் 10 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு தூணின் மேல் ஏற வேண்டும். குழாயை 30 டிகிரிக்கு ஒரு வளைவு வளைத்து, கொஞ்சம் தள்ளி அதே 30 டிகிரிக்கு எதிர்த்திசையில் இன்னொரு வளைவு கொடுக்க வேண்டும். இரண்டு வளைவுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? 20 சென்டிமீட்டர், அதாவது உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 45 டிகிரி என்றால் ஏறத்தாழ 1.4 மடங்கு, சுமார் 14 சென்டிமீட்டர். வகுப்பில் சைன், கொசைன் என்று கரும்பலகையில் பார்த்தபோது எதற்கென்றே புரியாத அதே முக்கோணவியல்தான். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது பலருக்குச் சட்டென்று பிடிபடுகிறது. ஆனால் கணக்கையே கண்டால் ஓடுகிறவருக்கு இந்த வேலையும் கஷ்டம்தான்.

மறுபுறம், நல்ல மார்க் வாங்கும் பெண்ணோ பையனோ மரவேலையிலும் இயந்திரப் பழுதுபார்ப்பிலும் உயிரை வைத்திருந்தால், மார்க் வீணாகிறதே என்று அவர்களைத் தடுப்பதும் அதே தவறு. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி தரும் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு அப்ரண்டிஸாகப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே யாரும் அதை வீண் என்று சொல்வதில்லை.

மார்க்கை ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்தில், எந்த மாதிரிக் கேள்விகளில் வந்தது என்று பார்த்தால் அது உங்களைப் பற்றி ஏதோ சொல்லும். மொத்த மதிப்பெண் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

எந்தெந்த வேலைக்கு டிகிரி இல்லாமல் முடியாது?

பல நாடுகளில் மருத்துவர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர் என இவற்றுக்குச் சட்டப்படியே அந்தந்தப் படிப்பு வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கும் வேறு வழி கிடையாது. அரசுப் பதவிகள் பலவற்றுக்கு, வேலைக்கு அந்தப் பாடம் தேவையோ இல்லையோ, ஏதாவது ஒரு பட்டம் குறைந்தபட்சத் தகுதி. இதில் ஒன்று உங்கள் குறி என்றால் விவாதமே வேண்டாம், கல்லூரிக்குப் போங்கள்.

பணக் கணக்கு எப்படிப் போடுவது?

"படித்தவனுக்குத்தான் சம்பளம் அதிகம்" என்பதில் உண்மை இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில், உயர்கல்வி முடித்தவர்களின் சராசரி வருமானம் பள்ளியோடு நின்றவர்களுடையதைவிடக் கூடுதல் என்று அந்த அமைப்பு வருடா வருடம் காட்டுகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் அறுவைச் சிகிச்சை நிபுணரும் இருக்கிறார், மூன்று வருடம் படித்து அந்தப் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருப்பவரும் இருக்கிறார். நீங்கள் சேரப் போவது சராசரியில் இல்லை, ஒரு குறிப்பிட்ட துறையில். அந்தத் துறையில், அந்தக் கல்லூரியில், போன இரண்டு மூன்று வருடங்களில் முடித்தவர்கள் இப்போது என்ன வாங்குகிறார்கள் என்பதுதான் உங்களுக்கான எண்.

ஒரு தாளை எடுத்து உங்கள் 17 வயதிலிருந்து 30 வயது வரை வருடத்துக்கு ஒரு வரி போடுங்கள். ஒரு பக்கம் பயிற்சிப் பாதை: முதல் வருட உதவித்தொகை, அடுத்தடுத்த வருடங்களில் அது ஏறும் அளவு, முடித்த பின் தொடக்கச் சம்பளம். மறுபக்கம் பட்டப்படிப்பு: கட்டணம், தங்குமிடம், புத்தகம், கடன் என்றால் அதன் வட்டி, அந்த வருடங்களில் சம்பாதிக்காமல் விட்டது, அப்புறம் தொடக்கச் சம்பளம். இந்த "சம்பாதிக்காமல் விட்டது" என்ற வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதில் பயிற்சிப் பாதை முன்னால் நிற்கும். 30-க்குள் பட்டம் அதைத் தாண்டுகிறதா, எந்த வயதில் தாண்டுகிறது என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். தாண்டவே தாண்டாத பாடங்களும் உண்டு.

ஒரு ஆபத்தையும் கணக்கில் சேருங்கள். எல்லாவற்றிலும் மோசமான நிலை, கடன் வாங்கிச் சேர்ந்து பாதியில் விடுவது. கடன் நிற்கும், பட்டம் இருக்காது. அரைமனதோடு சேர்கிறவருக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

நல்ல பயிற்சி இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் ஒரு முழு நாள் நின்று பாருங்கள். கம்பெனியின் பெயரும் வாசலில் உள்ள பலகையும் உங்களுக்கு எதுவும் கற்றுத் தரப் போவதில்லை. கற்றுத் தரப் போவது ஒரு மனிதர். அவர் யார் என்று கேளுங்கள். "எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள்" என்று பதில் வந்தால் யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள் என்று பொருள். ஒரு தேர்ந்த தொழிலாளிக்கு எத்தனை பழகுநர்கள் என்றும் கேளுங்கள். ஒருவருக்குக் கீழே பத்துப் பேர் நின்றால் அது பயிற்சி என்ற பெயரில் மலிவாக ஆள் பிடிப்பதாகவே இருக்கும்.

அடுத்து இரண்டாம் வருடப் பழகுநரைத் தேடுங்கள். முதல் சில மாதம் பொருள் எடுத்துக் கொடுப்பதும் சுத்தம் செய்வதும் எங்கும் உள்ளதுதான், அதில் தப்பில்லை. கருவிகளின் பெயரும் இடமும் அப்படித்தான் பழக்கமாகின்றன. ஆனால் இரண்டாம் வருடத்தில் இருப்பவர் இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். அவர் இன்னும் துடைப்பத்தோடு நின்றால் நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள். அவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தால், "போன வாரம் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கண் மலர்ந்து விவரம் சொன்னால் ஒரு விடை. யோசித்து யோசித்து ஒன்றும் வரவில்லை என்றால் அதுவும் விடைதான்.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இது: ஒரு பொருள் பாழாகும்போது அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஒரு தண்டைக் கடையும்போது பழகுநர் கூடுதலாக வெட்டிவிட்டார், அளவு குறைந்துவிட்டது. அது பழைய இரும்போடுதான் போகும். மேஸ்திரி திட்டிவிட்டு இயந்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டால், அந்தப் பையன் அன்று கற்றது பயம் மட்டும்தான். அந்தத் துண்டைக் கையில் எடுத்து, "எங்கே அளந்தாய்? சூடாக இருக்கும்போதே மைக்ரோமீட்டரை வைத்தாயா?" என்று கேட்டால் (சூட்டில் உலோகம் விரிந்து அளவு அதிகமாகக் காட்டும், ஆறினால் சுருங்கிவிடும்) அவர் ஆசான். அவரை விட்டுவிடாதீர்கள்.

வேலையின் வகையையும் பாருங்கள். வருடம் முழுக்க ஒரே உதிரிபாகத்தை மட்டும் செய்யும் இடத்தில் மூன்று வருடம் இருந்தால், அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் நீங்கள் நிபுணர். பழுதுபார்ப்பும் புது வேலையும் கலந்து வரும் சிறிய பட்டறையில் சம்பளம் குறைவாக இருந்தாலும் கை பரந்து பழகும். பெரிய நிறுவனத்தில் பயிற்சிக் கூடமும் பாடத்திட்டமும் ஒழுங்காக இருக்கும், ஆனால் நிஜ வேலையை நெருங்க நாள் ஆகலாம்.

பாதுகாப்பும் ஒரு அளவுகோல். இயந்திரத்தின் சுழலும் பாகங்களுக்கு மூடி இருக்கிறதா, வெல்டிங் செய்பவர் முகக்கவசம் போட்டிருக்கிறாரா, அவசர நிறுத்தப் பொத்தானின் முன்னால் சாமான் அடுக்கியிருக்கிறார்களா? தம் ஆட்களின் கண்ணைக் காப்பாற்ற அக்கறை இல்லாத இடம் உங்களுக்குத் தொழில் கற்றுத் தர அக்கறை காட்டாது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பயிற்சிக் காலம், ஒவ்வொரு வருடத்துக்குமான உதவித்தொகை, வேலை நேரம், விடுப்பு, முடிவில் யார் தேர்வு வைத்து யார் சான்றிதழ் தருகிறார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை அழுத்திக் கேளுங்கள். நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு வெளியில் மதிப்புக் குறைவு. ஜெர்மனியில் இறுதித் தேர்வை நடத்துபவை தொழில் வர்த்தக சபைகளும் கைவினைஞர் சபைகளும். இந்தியாவில் முறைப்படி முடித்துத் தேர்வில் தேறியவருக்குத் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும்.

இந்தியச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்கிறது அந்தச் சட்டம். அதனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. ஆனால் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய விதிகளும் வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. இரண்டாவது, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. "முடித்ததும் நிரந்தரம்" என்று வாயால் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவாகாத பயிற்சி நாளைக்குக் கணக்கில் வராமல் போகலாம்.

கல்லூரியையும் இதே மாதிரி சோதிக்க முடியுமா?

சோதிக்கத்தான் வேண்டும். பட்டறையைத் துருவித் துருவிப் பார்க்கும் பெற்றோர்கள் கல்லூரி என்றதும் கட்டடத்தையும் நூலகத்தின் புகைப்படத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், மூன்றாம் ஆண்டில்தான் துறையின் தரம் தெரியும். ஆய்வகத்தில் மாணவர்களே கருவியைத் தொட்டுச் செய்கிறார்களா, பத்துப் பேர் சுற்றி நிற்க ஒருவர் செய்து காட்டுகிறாரா? இறுதி ஆண்டுத் திட்டப்பணி மாணவர் செய்ததா, வெளியில் காசு கொடுத்து வாங்கியதா? பின்னதை நிர்வாகத்திடம் கேட்டால் பதில் வராது. மூத்த மாணவர்கள் சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு மனசு மாறினால்? தொழிலுக்குப் போனால் பிறகு படிக்கவே முடியாதா?

பதினேழு வயதில் எடுத்த முடிவு எழுபது வரை கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பாதையிலும் கதவு ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. அதனால் சேருவதற்கு முன்பே "இதற்கு அடுத்து என்ன படிக்கலாம்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியாகத்தான் போகிறார்கள். அங்கே பயிற்சியோடு சேர்த்தோ முடித்த பின்போ ஒரு கூடுதல் தகுதி பெற்றால், பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களில் நேராகச் சேரலாம். இந்த ஏற்பாடு 1990-களில் வந்தது. யு.பி.எஸ். வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி செர்ஜியோ எர்மோட்டி பதின்ம வயதில் லுகானோவில் ஒரு வங்கியில் அப்ரண்டிஸாகத் தொடங்கியவர். அந்த நாட்டில் அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் தொழிலில் மாஸ்டர் தகுதி, அதாவது தேர்ந்த கைவினைஞர் என்ற தகுதி, பெற்றவரை, படிப்பையும் பயிற்சியையும் நிலைவாரியாக அடுக்கும் நாட்டின் தகுதிச் சட்டகத்தில் இளநிலைப் பட்டதாரிக்குச் சமமான ஆறாம் நிலையில் வைத்திருக்கிறார்கள். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில் ஏழு நிலைகள். கீழிருந்து ஏறி, ஏழாம் நிலையில் பட்டத்துக்குச் சமமான தகுதியைத் தொடலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஏணி இருக்கிறதா, நடுவில் படி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் பள்ளி மேல்நிலைத் தேர்வை முடிக்காமல் பயிற்சிக்குப் போய்விட்டால் பின்னால் திரும்புவது மிகவும் சிரமம். அப்படிப்பட்ட இடத்தில் பள்ளியை முடித்துவிட்டே பயிற்சிக்குப் போங்கள் என்பேன். அந்த ஓரிரு வருடம் பிற்காலத்தில் பல கதவுகளைத் திறந்து வைக்கும்.

இரண்டையும் ஒன்றாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. இங்கிலாந்தில் 2015 முதல் பட்டப் பழகுநர் பயிற்சி நடக்கிறது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடியே பல்கலைக்கழகப் பட்டம் பெறலாம், படிப்புக் கட்டணத்தை மாணவர் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியில் இரட்டைப் படிப்பு என்று இதே போன்ற முறை இருக்கிறது. இந்தியாவிலும் பட்டப்படிப்புக்குள்ளேயே பழகுநர் காலத்தை இணைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் இது லேசான பாதை கிடையாது. ஒரு பக்கம் வேலை, மறுபக்கம் பாடம், கூடப் படித்தவர்கள் விடுமுறையில் இருக்கும்போது நீங்கள் அலுவலகத்தில். இடங்களும் குறைவு, போட்டி கடுமை. தாங்கக்கூடியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

தொழில்நுட்பம் இவ்வளவு வேகமாக மாறுகிறதே, ஒரு தொழிலை நம்பி இருக்கலாமா?

நியாயமான பயம். பொருளாதார அறிஞர் எரிக் ஹனுஷெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 11 நாடுகளின் தரவை வைத்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளம் வயதில் சீக்கிரம் வேலை கிடைக்கிறது. வயது ஏற ஏற, பொதுக்கல்வி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் வேலையில் நீடிப்பது குறைகிறது. அப்ரண்டிஸ் முறை வலுவாக உள்ள நாடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கற்ற தொழில் மாறும்போது புதியதுக்குத் தாவ முடியாமல் போவதுதான் காரணம் என்பது அவர்கள் வாதம்.

இதைப் படித்துவிட்டுத் தொழிலே வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு அடியில் உள்ள அடிப்படையையும் சேர்த்துக் கேட்டுக் கற்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. கார் மெக்கானிக் ஒருவருக்கு கார்புரேட்டரை மட்டும் கழற்றிப் பூட்டத் தெரிந்திருந்தால், எரிபொருள் உட்செலுத்து முறை வந்த நாளோடு அவர் வேலை சுருங்கிவிட்டது. எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும், ஏன் என்று புரிந்தவர் அடுத்த தலைமுறை இயந்திரத்துக்கும் போனார். இன்று மின்சார வண்டிகள் வருகின்றன. மின்னோட்டமும் மின்னழுத்தமும் புரிந்தவர் அதிலும் நிற்பார்.

அலுவலக வேலை பார்க்கும் பட்டதாரிகளும் இப்போது கணினி தங்கள் வேலையில் பாதியைச் செய்வதைப் பார்க்கிறார்கள். நிரந்தரப் பாதுகாப்பு எந்தப் பக்கமும் இல்லை. கட்டிய வீட்டுக்குள் போய், சுவருக்குப் பின்னால் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலையை, ஒவ்வொரு வீடும் வேறு மாதிரி இருப்பதாலேயே இயந்திரத்திடம் ஒப்படைப்பது கடினம் என்பது என் எண்ணம்.

ஐம்பது வயதில் உடம்பு தாங்குமா?

சில தொழில்களில் தாங்காது, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். நாளெல்லாம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் காதைக் காக்காமல் வேலை செய்தால் கேட்கும் திறன் போகும், போனால் திரும்பாது. கல் அறுக்கும் தூசியில் வரும் சிலிகா நுரையீரலை இறுக்கிவிடும். செயற்கைக் கல் பலகைகளை வெட்டியவர்கள் இளம் வயதிலேயே நோயாளிகள் ஆனதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அவற்றுக்குத் தடையே விதித்தது. வெல்டிங் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

தொழிலை விட்டுவிடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. காதடைப்பான், முகக்கவசம், தண்ணீர் தெளித்து வெட்டுதல், புகை உறிஞ்சும் குழாய் ஆகியவை இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். "கவசமெல்லாம் புதியவர்களுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதோடு, நாற்பதுக்குள் மேற்பார்வை, மதிப்பீடு போடுதல், பயிற்சி அளித்தல் அல்லது சொந்தத் தொழில் என்று உடல் உழைப்புக் குறையும் இடத்துக்கு நகரத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரைபடம் படிக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்கள் இந்தத் தொழில்களுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். எலக்ட்ரீஷியன், சி.என்.சி. (கணினி வழி கட்டுப்படுத்தும்) இயந்திரம் இயக்குதல், மின்னணுப் பழுதுபார்ப்பு, வெல்டிங் எதிலும் வேலையின் தன்மையில் தடை ஏதும் இல்லை. தடை இடத்தில்தான் இருக்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கின்றனவா, உங்கள் அளவுக்குக் கையுறையும் பாதுகாப்புக் காலணியும் கிடைக்குமா, ஏற்கெனவே பெண் பழகுநர்கள் இருந்திருக்கிறார்களா, புகார் சொல்ல ஆள் யார்? இதையெல்லாம் கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கும் இடத்துக்குப் போக வேண்டாம், வேறு இடம் இருக்கிறது.

வெளிநாடு போக எது உதவும்?

நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனி 2020 மார்ச்சில் கொண்டுவந்த திறன் குடியேற்றச் சட்டத்தில், அங்கீகாரம் பெற்ற தொழிற்பயிற்சி முடித்தவரும் பட்டதாரியைப் போலவே திறன்மிகு பணியாளர்தான். அங்கீகாரம் என்ற இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இருபது வருட அனுபவம் கையில் இருந்தும் காட்டத் தாள் இல்லாதவருக்கு விசா அலுவலகத்தில் வழி கிடைப்பது கஷ்டம். ஆகவே இந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் சான்றிதழ், பாடத்திட்டம், பயிற்சி நேரக் குறிப்பேடு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். மின்சாரம், குழாய் வேலை போன்றவற்றுக்குப் போன இடத்தில் தனியாக உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.

வீட்டில் டிகிரிதான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். எப்படிப் பேசுவது?

முதலில் அவர்கள் பயத்தைக் கேளுங்கள். பல பெற்றோருக்கு அது கௌரவம் மட்டும் இல்லை. தாங்கள் படிக்க முடியாமல் போன வருத்தம், பிள்ளை வெயிலில் நிற்கக் கூடாதே என்ற ஆசை, டிகிரி இல்லாததால் தங்களுக்குக் கிடைக்காமல் போன ஒரு வேலையின் நினைவு என எல்லாம் அதில் இருக்கும். "உங்களுக்குப் புரியாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

வாயால் வாதாடுவதை விட அம்மாவையோ அப்பாவையோ அந்தப் பட்டறைக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பயிற்சி முடித்தவர் ஒருவரிடம் அவர்களே பேசட்டும். மேலே சொன்ன 17 முதல் 30 வரையிலான கணக்கைக் காட்டுங்கள். பின்னால் படிக்க என்ன வழி இருக்கிறது என்பதையும் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொழிலின் மேல் வெறுப்பு கிடையாது, கதவு அடைபட்டுவிடுமோ என்ற பயம்தான். பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: மகனோ மகளோ ஒன்றின் மேல் ஆசையாக இருப்பது எல்லோருக்கும் கிடைக்கும் பாக்கியம் இல்லை. அதை அணைத்துவிட்டு வேறெதையும் அதன் இடத்தில் வைப்பது எளிதல்ல.

எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. என்ன செய்ய?

பதினேழு வயதில் தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். உட்கார்ந்து யோசித்தால் தெரியாது, செய்து பார்த்தால் தெரியும். விடுமுறையில் சில வாரம் ஒரு பட்டறையிலோ பணிமனையிலோ போய் நில்லுங்கள். அதேபோல் நீங்கள் நினைக்கும் பட்டப்படிப்பின் முதல் பாடப்புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்து இரண்டு அத்தியாயம் படியுங்கள், பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். வேலையில் அலுப்பூட்டும் பகுதி எல்லாவற்றிலும் இருக்கும். அந்த அலுப்பை எதில் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்று கவனியுங்கள். ஆர்வத்தைவிட இது நம்பகமான அடையாளம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டு அப்ரண்டிஸாகப் போகலாமா?

பிடிக்காதது பாடமா, கல்லூரியா, ஊரா, அரியர் விழுந்த வருத்தமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாடம் பிடித்திருந்து மற்றது பிடிக்கவில்லை என்றால் கல்லூரி மாற்றுவதோடு தீரலாம். பாடமே ஒட்டவில்லை என்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. ஆனால் பயிற்சி இடம் உறுதியாகி, ஒப்பந்தம் கையில் வரும் வரை கல்லூரியிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். முடித்த பருவங்களின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். படித்த பாடங்களின் மதிப்பலகுகளை (கிரெடிட்டுகளை)ச் சில பல்கலைக்கழகங்கள் பிற்பாடு திரும்பிச் சேரும்போது ஏற்றுக்கொள்ளும், எத்தனை வருடம் வரை செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்விக் கடன் இருந்தால், படிப்பை நிறுத்தியதும் தவணை எப்போது தொடங்கும் என்று வங்கியில் கேட்டுவிட்டு, அந்தத் தொகையை முதல் வருட உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.